வடிவாம்பாள் மௌன விரதம்

ஏழரை மணி ஆனால் போதும், நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மூன்றாவது மாடி லூர்தம்மா வீட்டில் சண்டை தொடங்கிவிடும். ஒரு பக்கம் லூர்தம்மா, இன்னொரு பக்கம் டிவி. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது மகள் ரோஸி.

"இது நீ இல்ல," என்பாள் லூர்தம்மா.

"நான்தாம்மா. பட்டுப்புடவை கட்டிக்கினு ஊஞ்சல்ல உக்காந்துகினு கீறேன், பாரு."

"புடவைய நான் கண்டேனா? எனக்குக் காதுதான் கீது. காதுல கேக்கறது யாரோ மயிலாப்பூரு அம்மா. எம்பொண்ணு இல்ல."

லூர்தம்மாவுக்குக் கண் போய் ஏழு வருஷம் ஆகிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நாற்பது வருஷம் கூடை சுமந்து மீன் விற்றவள். மாடியிலிருந்து எட்டிப் பார்க்காமல் கூப்பிடும் குரலை வைத்தே எந்த வீடு, எந்த அம்மா, இன்றைக்கு வஞ்சிரம் கேட்பாளா நெத்திலி கேட்பாளா என்று சொல்லிவிடுவாள். அவளிடம் போய்க் குரலில் ஏமாற்ற முடியுமா?

"பேரு உன்னுது இல்ல. குரலு உன்னுது இல்ல. மூஞ்சி எனக்குத் தெரியாது. அப்ப அந்தப் பொட்டிக்குள்ள எம்பொண்ணு எங்கடி கீறா?"

ரோஸி சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். போய் அடுப்பைப் பற்றவைக்காமல் சும்மா நிற்பாள். ஐம்பத்தோரு வயசில், ஊரே செல்ஃபி எடுத்துக்கொள்ளும் ஒரு நடிகைக்கு, பெத்தவளிடம் 'நான்தான்' என்று நிரூபிக்க வழியில்லை என்றால் வலிக்காதா? வலித்தது. அம்மா சாவதற்குள் ஒரே ஒரு தடவை, அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தன் குரல் அவள் காதில் விழ வேண்டும். ரோஸிக்கு இந்த ஜன்மத்தில் மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

இந்தப் பேர் மாறின, குரல் மாறின வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

ரோஸி குப்பத்துப் பொண்ணு. அப்பா மரியசெல்வம் கடலுக்குப் போகிறவர். பத்தொன்பது வயசில் அவள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. மைக் போனாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற தொண்டை. மயிலாப்பூரில் நாடகக் குழு வைத்திருந்த சுப்பராமன், சமையல்கார மாமி வேஷத்துக்குப் பாடத் தெரிந்த பெண் தேடி அலைந்து, யாரோ சொல்லி, வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலைகளைத் தாண்டித் தாண்டிக் குப்பத்துக்கு வந்தார். பாட்டைக் கேட்டார். "பேஷ்! பேரு மட்டும் ராஜின்னு வெச்சுக்கோம்மா," என்றார். அன்றைக்குப் போனது பேர்.

மூன்றே மாசத்தில் ரோஸி மாமி பாஷையைக் கரைத்துக் குடித்துவிட்டாள். நாடகம் முடிந்ததும் நிஜ மாமிகள் மேடைக்குப் பின்னால் வந்து மொய்த்துக்கொள்வார்கள். "ஒனக்குப் பூர்வீகம் கும்பகோணமாடி?"

"இல்ல மாமி, நொச்சிக்குப்பம்."

"என்ன ஹாஸ்யம், என்ன ஹாஸ்யம்!" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போவார்கள். சத்தியத்தைச் சொன்னாலும் கைதட்டுகிற ஜனம்! அவர்கள் கைதட்டலில் இருபத்தைந்து வருஷம் ஓடியது. ஒவ்வொரு நாடகத்திலும் சுப்பராமன் அவளுக்கென்று ஒரு பாட்டு வைப்பார். பாட்டு வருகிற சீனுக்காகக் கான்டீன் போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் கல்யாணம் என்று ஒன்று நடந்து, இரண்டு வருஷத்தில் தானாக ஓய்ந்தது. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாமும் விட்டுவிடுவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் டிவி கூப்பிட்டது. தி. நகர் பட்டுக்கடைக் குடும்பத்துப் பெரியம்மா வடிவாம்பாள். மூக்குத்தி, காசுமாலை, கொத்துச்சாவி. மேக்கப் போட்டு நிறுத்தினதும் சேனல்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். அப்புறம் அவள் வாயைத் திறந்தாள்.

"முகம் மகாலட்சுமி. வாய்ஸ்தான் மார்க்கெட் மாதிரி இருக்கு," என்றார் ஒருவர், அவளை வைத்துக்கொண்டே.

அன்றைக்குப் போனது குரல். அபயாம்பாள் என்ற டப்பிங் கலைஞர் வந்து வடிவாம்பாளுக்குப் பேசினார். மெத்தென்று, நெய் வாசனை அடிக்கிற குரல். ஊர் அந்தக் குரலை வாரி அணைத்துக்கொண்டது. ரோஸி போகிற கல்யாணத்தில் எல்லாம் "ஒரு டயலாக் பேசுங்க மேடம்" என்பார்கள். பேசினால் முகம் தொங்கிவிடும். "ஐயோ, தொண்டை கட்டிண்டிருக்கா?" ஒருநாள் சபா மேடையிலேயே, அவள் பாட ஆரம்பித்தபோது மூன்றாவது வரிசையிலிருந்து "இது டூப்பு வாய்ஸ்டா" என்று ஒருத்தன் சொன்னான். முன்வரிசை சிரித்தது. முப்பது வருஷமாகப் பாடுகிற தொண்டை டூப்பாம்! அதோடு மேடையில் பாடுவதை விட்டாள்.

வேளச்சேரியில் ஒரு ஃப்ளாட் வாங்கினாள். லூர்தம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். "அங்க மழை பேஞ்சா கடலு வீட்டுக்குள்ள வருது. இங்க கடலு கடலாண்டயே கீது," என்பது அவள் வாதம். அதனால் பட்டுக்கடை வடிவாம்பாள் சாயங்காலமானால் குப்பத்து மூன்றாம் மாடிக்குத்தான் திரும்பி வருவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஆடி மாசம், அபயாம்பாளுக்குத் தொண்டை போய்விட்டது. குரல்நாண் வீங்கிவிட்டது, ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. சேனலில் ஒரே அல்லோலகல்லோலம். வடிவாம்பாளுக்குப் புதுக் குரல் தேடி, தி. நகரில் பாத்திரக்கடை மாடியில் இருக்கும் டப்பிங் ஸ்டூடியோவில் வாய்ஸ் டெஸ்ட் வைத்தார்கள். பதினோரு பேர் வந்தார்கள். பன்னிரண்டாவதாக ரோஸி போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டப்பிங் பொறுப்பாளர் வெங்கடரமணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்ன மேடம் இவ்வளவு தூரம்? யாரைப் பார்க்கணும்?"

"டெஸ்ட்டுக்கு வந்தேன் சார்."

"யார் வாய்ஸுக்கு?"

"என்னோடதுக்குத்தான்."

மனுஷர் நல்லவர், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே அனுப்பினார். திரையில் அவள் முகம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் பேசினாள். தன் உதட்டுக்குத் தானே பேசுவது ஒரு வித்தையா? முதல் தடவையிலேயே ஒட்டிக்கொண்டது.

வெங்கடரமணன் நெற்றியைச் சொறிந்தார். "லிப்பு அப்படியே உட்காருது மேடம்."

"என் லிப்புதானே சார்."

"அது சரி. ஆனா வடிவாம்பாள் இல்லையே!" கொஞ்சம் யோசித்து, "அபயம் மேடம் டோன்ல ஒருதரம் பாருங்களேன்," என்றார்.

பார்த்தாள். அபயாம்பாள் போல இழுத்து இழுத்துப் பேசிப் பார்த்தாள். மிமிக்ரி மாதிரி வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் குனிந்துகொண்டாள். ரோஸிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். படியிறங்கி உஸ்மான் ரோடு கூட்டத்தில் கலந்ததும் சிரிப்பெல்லாம் போய், மூக்கு சிவந்துவிட்டது. நடக்கிற இடமெல்லாம் 'ஐ, வடிவாம்பாள்!' என்று கை காட்டினார்கள். அழக்கூட முடியவில்லை பாவம்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தரும் தேறவில்லை. கதாசிரியர் மகாகெட்டிக்காரர். மருமகளுக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று வடிவாம்பாள் ஒரு மண்டலம் மௌன விரதம் இருப்பதாக எழுதிவிட்டார். நாற்பத்தெட்டு நாள்! அதற்குள் அபயாம்பாள் தொண்டை ஆறிவிடும் அல்லவா? யாருக்கோ தொண்டை கட்டினதற்கு, கிண்கிண் என்று தொண்டை வைத்திருக்கிற ரோஸி, வாயைப் பொத்திக்கொண்டு ஊஞ்சலில் ஆடினாள். இந்த அநியாயம் உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் நடக்கும், சொல்லுங்கள்.

"இன்னாடி இது?" என்றாள் லூர்தம்மா. "இப்ப அந்தம்மாவும் இல்ல. ஊமையாக்கிட்டானுங்களா?"

"விரதம்மா."

"யாருக்கு? மருமவ வயித்துக்கா, அந்தம்மா தொண்டைக்கா?"

கண்ணில்லாதவள் முழுக் கதையையும் பார்த்துவிட்டாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ரோஸி அபயாம்பாள் வீட்டுக்கே கிளம்பிப் போனாள். வடக்கு மாட வீதிப் பக்கத்துச் சந்தில் இரண்டாம் மாடி. ஆறு வருஷத்தில் இருவரும் பார்த்துக்கொண்டது இரண்டே தடவை, அதுவும் விருது விழாவில். நடிக்கிறவள் ஒரு பக்கம், பேசுகிறவள் ஒரு பக்கம், அந்தத் தொழில் அப்படி. நலம் விசாரிக்க என்று ஆப்பிள் வாங்கிக்கொண்டாள். நிஜத்தில் போனது ஆத்திரத்தில். என் வாயைப் பிடுங்கிக்கொண்ட தொண்டை எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று.

கதவைத் திறந்தது, ஐம்பத்தெட்டு வயசில், நரைத்த பின்னலோடு ஒல்லியாக ஒரு மாமி. கழுத்தில் மஃப்ளர். கையில் ஒரு கோடுபோட்ட நோட்டும் பேனாவும். ரோஸியைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. உட்கார வைத்து, அவசர அவசரமாக எழுதினாள்.

'ஒன் உதட்டை ஆறு வருஷமாப் பாத்துண்டிருக்கேன். எங்க மூச்சு விடுவே, எங்க எச்சில் முழுங்குவேன்னு எனக்குத் தெரியும். எங்காத்துக்காரர் மூஞ்சியைக்கூட நான் இப்படிப் பாத்ததில்லை.'

ரோஸி கொண்டுபோன ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள். அபயாம்பாள் பக்கத்தைத் திருப்பி மறுபடி எழுதினாள்.

'பைலட்ல ஒன் குரலைக் கேப்பேன்.' பைலட் என்றால் ஷூட்டிங்கில் பதிவாகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டுதான் டப்பிங் பேசுவார்கள். பேசி முடித்ததும் அது குப்பைக்குப் போகும். 'என்ன குரல்டீ அது! அது மேல நான் பேசறச்சே, நன்னாத் தூங்கறவா மூஞ்சில போர்வையைப் போடற மாதிரி இருக்கும். போட்டுண்டுதான் இருக்கேன். வயித்துப்பாடு.'

அதைப் படித்ததும் ரோஸி மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டெஸ்ட்டில் தோற்றது, அம்மாவின் கண், தினம் ஏழரை மணிச் சண்டை, எல்லாம். அபயாம்பாள் பேனாவை மூடினாள். எழுந்து போய் டபராவில் காபி கொண்டுவந்து கையில் கொடுத்து, அது ஆறுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

விரதத்தின் நாற்பத்துநாலாம் நாள் வடிவாம்பாள் புருஷன் செத்துப்போனான். அந்த வேஷத்தில் இருந்தது வேறு யாருமில்லை, நம் நாடகக்குழு சுப்பராமன்தான். எழுபத்தாறு வயசு. பிள்ளை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுவிட்டான், ஆறு மாசம் இருக்கமாட்டார். ஆறு மாசம் இல்லாத நடிகரை சீரியல்காரர்கள் வேறென்ன செய்வார்கள்?

அடையாறில் ஒரு பழைய பங்களா. கூடத்தில் சுப்பராமனைப் படுக்கவைத்து, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. டைரக்டர் ராகேஷ் முப்பது வயசுப் பையன், ஆனால் மரியாதை தெரிந்தவன். "ராஜிம்மா, நீங்க ஓடி வர்றீங்க, 'என்னங்க'ன்னு ஒரே கத்து. விரதம் உடையுது. அப்புறம் அழுகை. சத்தம் பத்திக் கவலைப்படாதீங்க, அபயம் மேடம் அடுத்த வாரம் வந்து எல்லாம் பாத்துப்பாங்க."

மேலே ஃபேன் கடகட என்று ஓடியது. ரோஸி ஓடி வந்தாள். சுப்பராமன் முகத்தைப் பார்த்தாள். 'என்னங்க' வரவில்லை.

வந்தது இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தின ஒரு சாயங்காலம். மயிலாப்பூர் சபாவில் ஹவுஸ்ஃபுல். ஆறரை மணிக்குக் குப்பத்திலிருந்து ஆள் வந்து சுப்பராமனிடம் சேதி சொன்னான்: கரைக்குக் கிட்டவே படகு கவிழ்ந்துவிட்டது, மரியசெல்வம் போய்விட்டார். சுப்பராமன் அதை விழுங்கிக்கொண்டார். மணி அடித்துத் திரை தூக்கிவிட்டால் நாடகத்தை நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ரோஸி இரண்டரை மணி நேரம் ஜனங்களைச் சிரிக்கவைத்தாள். பாட்டுக்கு ஒன்ஸ்மோர் வேறு. திரை விழுந்ததும்தான் சொன்னார்.

மூஞ்சியில் ரோஸ் பவுடரும் மடிசாருமாகக் குப்பத்துக்கு ஓடினாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள். லூர்தம்மா பாடிக்கொண்டிருந்தாள். ஒப்பாரியில் ஒரு முறை உண்டு. பொண்டாட்டி தன் பாட்டைப் பாடி நிறுத்தினால், மகள் தன்னுடையதை எடுக்க வேண்டும். யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அவரவர் துக்கம், அவரவர் பாட்டு. லூர்தம்மா நிறுத்தினாள். வட்டம் முழுக்க ரோஸியைப் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள். ஒரு மணி நேரம் முன்னால் ஒன்ஸ்மோர் வாங்கின தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. மறுநாள் மண் தள்ளும்போதும் வரவில்லை.

"ஊருக்கெல்லாம் பாடுனா. அப்பனுக்குப் பாடல." லூர்தம்மா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு தடவை போதாதா?

இப்போது அடையாறு பங்களாவில், நாற்பத்துநாலு நாள் பொத்தி வைத்த வாயிலிருந்து, அம்மா அன்றைக்குப் பாடின பாட்டு ஒரு சொல் பிசகாமல் வந்தது.

'காலையில போன ராசா கருக்கலுல வாரேன்னீரே
வாசலுல வெளக்கு வெச்சேன் வந்த வழி மறந்தீரோ
உப்புக்காத்து அடிக்கையில உம்ம பேரச் சொல்லுதய்யா
ஒத்தக் கட்டை ஆனேனய்யா ஒலகம் என்ன வேணுமய்யா...'

யாரும் கட் சொல்லவில்லை. லைட் பிடித்துக்கொண்டிருந்தவன் முழங்கையால் கண்ணைத் துடைத்தான். மேக்கப் பெண் சுவரோடு சாய்ந்துகொண்டாள். கேமராமேன் மட்டும் திடீரென்று ரோஸி முகத்துக்கு நகர்ந்தான். ஏனென்றால் பிணம் அழுதுகொண்டிருந்தது. மூடின கண்ணோரத்திலிருந்து தாரை தாரையாக, காதுக்குள் வழிந்தது.

சாவு சீன் முடிந்தால், செத்தவராக நடித்தவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆகாது. சுப்பராமன் எழுந்து உட்கார்ந்தார். பஞ்சை எடுத்தார். சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும் ரோஸி," என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவளை ரோஸி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "திரை கெடக்கட்டும்னு சொல்லியிருக்கணும். மகாபாவி நான்."

"சிரிங்க சார், ஆகாதுன்றாங்க," என்றாள் ரோஸி. தானும் சிரித்துக் காட்டினாள். கிழவர் அழுதுகொண்டே சிரித்து வைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு பூசணிக்காய் உடைத்தார்கள்.

ராகேஷ் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த ஷாட்டை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். அப்புறம் வந்தான். "அம்மா, சத்தியமா சொல்றேன், இந்த மாதிரி ஒரு ஷாட் நான் எடுத்ததில்ல. ஆனா பட்டுக்கடை முதலாளியம்மா ஒப்பாரி பாடுவாங்களான்னு சேனல்ல கேப்பாங்க. தி. நகர்ல உப்புக்காத்து ஏது?"

"போர் தண்ணி உப்புத்தானே சார்," என்றான் லைட்காரன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"விஷுவல் அப்படியே வெச்சுக்கறேன்மா. டப்பிங்ல அபயம் மேடம் அழுகையா மாத்திடுவாங்க. வேற வழியில்ல."

ரோஸி தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்? பாடினதும் பைலட்தான், குப்பைக்குப் போகிற சத்தம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை போன் வந்தது. எடுத்தால் வடிவாம்பாள் பேசுகிறாள்! ரோஸிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி அதே நெய்க் குரல்.

"ரோஸி, நான்தான் அபயம். டாக்டர் பேசலாம்னுட்டார். இன்னிக்கு ஒன் சாவு சீன்தான் முதல்ல. நீ வா. நீ இல்லாம நான் அதைத் தொடமாட்டேன்."

பாத்திரக்கடை மாடி. இன்றைக்கு ரோஸி கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வெங்கடரமணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் ஏழரைக்கே ஒளிபரப்பு. அவர் கடிகாரத்தை நிமிஷத்துக்கொரு தரம் பார்த்தார். உள்ளே அபயாம்பாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஓடி வருகிற ரோஸியைப் பார்த்தாள். முதல் தடவை பேசாமல் கேட்டாள். "இன்னொருதரம் போடுங்கோ," என்றாள். கேட்டாள். மூன்றாம் தடவை சிவப்பு விளக்கு எரிந்தது. ரெக்கார்டிங். ரோஸி கண்ணை மூடிக்கொண்டாள். போர்வை விழட்டும், பார்க்க வேண்டாம் என்று.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், அபயாம்பாள் ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறாள்.

"இதுல நான் பேசறதுக்கு ஒண்ணுமில்லை. அப்படியே விட்டுடுங்கோ."

"மேடம், விளையாடாதீங்க," என்றார் வெங்கடரமணன். "பைலட் எப்படி விடறது? ஃபேன் சத்தம் கேக்குது பாருங்க!"

"கேக்கட்டுமே. சாவு வீட்ல ஃபேன் ஓடாதா?"

"குரல் மாறிடுச்சும்பாங்க."

"புருஷன் செத்தா குரல் மாறாதா? எங்கப்பா போனப்போ எங்கம்மா குரல் எப்படி மாறித்துன்னு எனக்குத் தெரியும்."

"சேனல்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

"அபயாம்பாள் மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்கோ. நாளைக்கே இவ குரல் நன்னாருக்குன்னு என்னைத் தூக்கினாலும் தூக்குவா. தூக்கட்டும். நாளையிலேர்ந்து நான் வரேன், வழக்கம்போலப் பேசறேன். இந்த மூணு நிமிஷம் அவளோடது. நான் தொடமாட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் தொண்டை கம்மி இருமல் வந்துவிட்டது. ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தாள்.

வெங்கடரமணன் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் மெஷின் முன்னால் இருந்த இன்ஜினியர் பெண்ணைப் பார்த்தார். அன்றைக்குச் சிரித்தாளே, அதே பெண். அவள் பைலட்டை ஏற்றி, ஃபேன் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கி, ஏற்கெனவே தயாராக வைத்திருந்தாள். "சார், அனுப்பிடட்டுமா?" என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, "அனுப்பு தாயே," என்றார்.

ரோஸி அபயாம்பாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி," என்றாள். "போ, போ. அம்மாவாண்ட போய் உக்காரு, நாழியாயிடுத்து," என்றாள் அபயாம்பாள்.

ஏழரை மணி. குப்பத்து மூன்றாம் மாடி. லூர்தம்மா கால் நீட்டிக்கொண்டு, கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். ரோஸி அவளுக்கு அடுத்தாற்போல் தரையில். விளம்பரம் முடிந்தது. கதவு திறக்கிற சத்தம், யாரோ ஓடுகிற கொலுசுச் சத்தம், கடகட என்று ஒரு ஃபேன்.

'காலையில போன ராசா...'

லூர்தம்மா விரலில் ஜெபமாலை நின்றது. நீட்டின காலை மெள்ள மடக்கிக்கொண்டாள். முகத்தை டிவி பக்கம் திருப்பினாள், கண் தெரிகிறவள் மாதிரி. பக்கத்து வீட்டு டிவியிலும் கீழ்வீட்டு டிவியிலும் அதே பாட்டு கொஞ்சம் முன்பின்னாக ஓடியது. மாடிப்படியில் யாரோ, "ஏய், ரோஸிக்கா கொரலு மேரி கீதுடீ!" என்று கத்தினார்கள். நாலு அடியும் முடிந்தது. சோப்பு விளம்பரம் வந்தது.

ரோஸி அம்மா பக்கம் நகர்ந்தாள். "அம்மா," என்றாள். "நான்தாம்மா."

லூர்தம்மா கையை நீட்டி, தடவித் தடவி மகள் முகத்தைக் கண்டுபிடித்தாள். கன்னம் நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தாள்.

"குரலு உன்னுது," என்றாள். "பாட்டு என்னுதாச்சே."

"ஆமாம்மா."

"அது பொண்டாட்டி பாட்டு. உங்கப்பனுக்கு நான் பாடி முடிச்சிட்டேன், அன்னிக்கே." தேடித் தடவி ரிமோட்டை எடுத்து டிவியை அமர்த்தினாள். வீடு அமைதியாகிவிட்டது. வெளியே கடல் சத்தம். "பாடிட்டு உன்னப் பாத்து நிறுத்துனேன். ஞாபகம் கீதா? இன்னும் அங்கயேதாண்டி நிக்கிறேன். உன்னுது எங்க?"

ரோஸியிடம் பாட்டு இல்லை. முப்பத்திரண்டு வருஷம் யாரோ எழுதிக் கொடுத்ததையே பேசினவள், பாடினவள். எழுதிக் கொடுக்க இங்கே சுப்பராமன் இல்லை, கதாசிரியர் இல்லை. வாயைத் திறந்தாள். அன்றைக்கு மாதிரியே முதலில் காற்றுதான் வந்தது. லூர்தம்மா அவசரப்படுத்தவில்லை. மகள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாதா கோயில் தேர்த் திருவிழாக் கூட்டத்தில், ஐந்து வயசில், அப்பா தோளில் உட்கார்ந்து அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டது ரோஸிக்குக் கையில் வந்தது.

'தோளுமேல தூக்கி வெச்சுத் தேரு காட்டுன எங்கப்பா
தேரு இங்க நிக்குதப்பா, தோளு எங்க போச்சுதப்பா...'

லூர்தம்மா ஓங்கி மாரில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். "ஆங், மேல பாடு," என்றாள்.